நாட்டிங்ஹாம் நகரத்துப் புகழ்பெற்றவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகருக்குப் புறப்படும் மாணவர்களும், வினாடி வினாப் போட்டிகளுக்குத் தயாராகும் நண்பர்களும், கிரிக்கெட் வழியாக மட்டுமே அந்த ஊரை அறிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட விதத்திலேயே உள்ளன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், முதல் இரண்டையும் படித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்வது நல்லது.

நாட்டிங்ஹாம் எங்கே இருக்கு? லண்டன் பக்கமா?

லண்டனுக்கு வடக்கே, சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், டிரென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது. நெடுங்காலம் ஊராட்சி உரிமை பெற்ற பட்டணமாக இருந்து, விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டான 1897இல்தான் 'நகரம்' என்ற தகுதியைப் பெற்றது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் ஏறத்தாழ 3.24 லட்சம் பேர். நம் கணக்கில் அது ஒரு நடுத்தர நகரம்தான். அந்த அளவுக்கு அங்கிருந்து வந்த பெயர்கள் அதிகம்.

ஒருத்தரை 'நாட்டிங்ஹாம்காரர்'னு எதை வெச்சு முடிவு பண்றீங்க? அங்க பிறந்தா போதுமா?

இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. நாட்டிங்ஹாம் என்பது நகரம். நாட்டிங்ஹாம்ஷயர் என்பது அதைச் சுற்றியுள்ள மாவட்டம் போன்ற பெரிய நிலப்பரப்பு. நகரத்தின் நிர்வாக எல்லை மிகவும் குறுகியது. வெளியூரிலிருந்து வருபவருக்கு ஒரே ஊராகத் தோன்றும் வெஸ்ட் பிரிட்ஜ்ஃபர்ட், பீஸ்டன், ஆர்னல்ட் போன்ற பகுதிகள் சட்டப்படி நகருக்கு வெளியே உள்ளவை. ஆகவே நகரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பலர் உண்மையில் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள்.

நான் மூன்று விதமாகப் பிரித்துக்கொள்கிறேன்: நகரில் பிறந்தவர், வேறெங்கோ பிறந்து நகரில் வளர்ந்தவர், பிற்காலத்தில் வந்து நகரில் தம் பெரும்பணியைச் செய்தவர். மூவரையும் நகரத்தார் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை; எந்த வகையில் நகரத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். வினாடி வினாவில் 'பிறந்த ஊர்' என்று கேட்டால் முதல் வகை மட்டுமே செல்லும்.

ராபின் ஹூட் நிஜமாவே இருந்தாரா? அவர் அந்த ஊர்தானே?

பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த கொள்ளைக்காரராகக் கதைகளில் வரும் ராபின் ஹூட் இன்னார்தான் என்று வரலாற்றாய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும்படியாக ஒரு மனிதர் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. எழுத்தில் எஞ்சியிருக்கும் கதைப்பாடல்களில் மிகப் பழையவை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் நாட்டிங்ஹாம் ஷெரிஃபும் ஷெர்வுட் காடும் வருகின்றன; யார்க்‌ஷயரில் உள்ள பார்ன்ஸ்டேல் என்ற இடமும் அதே அழுத்தத்தோடு வருகிறது. எனவே யார்க்‌ஷயர்காரர்கள் உரிமை கோருவதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது.

நாட்டிங்ஹாம் கோட்டையின் மதிலடியில் 1952இல் வைக்கப்பட்ட ராபின் ஹூட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் அம்பைப் பலமுறை திருடியிருக்கிறார்கள். கதையில் வில்லனாக வரும் ஷெரிஃப் பதவி மட்டும் கற்பனையன்று. நகர மன்றத்தில் அது இன்றும் சடங்குநிலைப் பொறுப்பாகத் தொடர்கிறது.

எந்தச் சந்தேகமும் இல்லாம 'இவர் நாட்டிங்ஹாம்'னு சொல்ற மாதிரி யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். நீர்வண்ண ஓவியத்துக்கு இங்கிலாந்தில் மதிப்புத் தேடித் தந்தவரும், 1768இல் ராயல் அகாதமியை நிறுவிய உறுப்பினர்களில் ஒருவருமான பால் சாண்ட்பி நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் 44 வான்வெற்றிகளைப் பெற்று, 1917இல் தம் 20ஆம் வயதில் உயிரிழந்து, இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்ட விமானி ஆல்பர்ட் பால், நகரின் லென்டன் பகுதியில் பிறந்தவர். 1811இல் பிறந்த வெறுங்கைக் குத்துச்சண்டை வீரர் வில்லியம் தாம்சன், 'பெண்டிகோ' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். ஆஸ்திரேலியாவின் தங்கவயல் நகரமான பெண்டிகோவின் பெயர் சுற்றி வளைத்து இவரிடம்தான் போய் முடிகிறது. சண்டைகளை விட்டபின் அவர் மதபோதகராக மாறினார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

தலைவலிக்குப் போடற ஐபுப்ரூஃபென் மாத்திரை அங்கதான் கண்டுபிடிச்சாங்களாமே? கண்டுபிடிச்சவர் அந்த ஊர்க்காரரா?

கண்டுபிடிப்பு நாட்டிங்ஹாமைச் சேர்ந்தது; கண்டுபிடித்தவர் மூன்றாம் வகை. ஸ்டூவர்ட் ஆடம்ஸ் 1923இல் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்தவர். நாட்டிங்ஹாமின் பூட்ஸ் மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, முடக்குவாதத்துக்கு ஆஸ்பிரினைவிடப் பாதுகாப்பான மருந்தைத் தேடும் வேலையை 1950களில் தொடங்கினார். தொடக்க கால ஆய்வுக்கூடம் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் இயங்கியது. வேதியியலாளர் ஜான் நிக்கல்சனும் அவரும் எண்ணற்ற சேர்மங்களைச் சோதித்துக் கழித்த பின் கிடைத்ததுதான் ஐபுப்ரூஃபென். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969இல் அது பிரிட்டனில் மருத்துவர் சீட்டுக்கு வழங்கும் மருந்தாக வந்தது. நம் மருந்துக் கடைகளில் பலகாலம் புழங்கிய 'புரூஃபென்' என்ற பெயர் அந்த வழியில் வந்ததே.

ஒரு மாநாட்டுக்கு முந்தைய இரவு நண்பர்களோடு கொஞ்சம் மிகுதியாகக் குடித்துவிட்ட ஆடம்ஸ், காலையில் உரையாற்ற வேண்டியிருந்ததால் தம் மருந்தையே தாம் விழுங்கித் தலைவலியைப் போக்கிக்கொண்டார் என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2019இல் நாட்டிங்ஹாமிலேயே காலமானார்.

பூட்ஸ் கடை ஆரம்பிச்சவரும் சால்வேஷன் ஆர்மி ஆரம்பிச்சவரும் ஒரே ஆளா? இல்ல அண்ணன் தம்பியா?

இருவரும் வேறு வேறு, உறவும் இல்லை. மருந்துக் கடைக்காரர் ஜெஸ்ஸி பூட், 1850இல் நகரில் பிறந்தவர். இரட்சணிய சேனையை (சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு இயக்கத்தை) நிறுவியவர் வில்லியம் பூத், 1829இல் பிறந்தவர். குழப்பம் வருவதற்குப் பெயர் மட்டும் காரணமன்று. இருவருமே மெத்தடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மரபில் ஊறியவர்கள். இருவரின் கதையும் கூஸ் கேட் என்ற ஒரே தெருவைத் தொட்டுச் செல்கிறது. பூத் 13 வயதில் அடகுக் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தது அத்தெருவில். அவர் பிழைப்புத் தேடி லண்டனுக்குச் சென்ற 1849ஆம் ஆண்டில்தான் ஜெஸ்ஸியின் தந்தை ஜான் பூட் அதே தெருவில் மூலிகை மருந்துக் கடையைத் திறந்தார்.

தந்தை 1860இல் இறந்தபோது ஜெஸ்ஸிக்கு வயது 10. தாயோடு சேர்ந்து கடையைக் கவனித்து, 21 வயதில் பங்காளியாகி, மொத்தமாக வாங்கிக் குறைந்த விலையில் ரொக்கத்துக்கு விற்கும் முறையால் நாடு முழுவதும் கிளைகளைப் பரப்பினார். 1920இல் நிறுவனத்தை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார். ஹைஃபீல்ட்ஸில் அவர் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடத்தை 1928இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்தார். இன்று நம் பிள்ளைகள் படிக்கச் செல்லும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அதுதான்.

பூத்துக்கும் நம்ம நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நாகர்கோவிலில் உள்ள கேத்தரின் பூத் மருத்துவமனை இரட்சணிய சேனையினுடையது. 1890களில் சிறிய மருந்தகமாகத் தொடங்கியது. அது வில்லியம் பூத்தின் மனைவி கேத்தரினின் பெயரைத் தாங்கியது. கேத்தரின் டெர்பிஷயரில் உள்ள ஆஷ்போர்னில் பிறந்தவர் என்பதால் அவரை நாட்டிங்ஹாம் பட்டியலில் சேர்க்க இயலாது. சேனையின் இந்தியப் பணி 1882இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் தெற்கே திருவிதாங்கூர் வரை வந்தது.

அடகுக் கடை அனுபவம் பூத்தைப் பெரிதும் பாதித்தது. அந்தக் காலத்து நாட்டிங்ஹாம் சுற்றிலும் பொதுமேய்ச்சல் நிலங்களால் அடைபட்டிருந்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்நிலங்களில் வீடு கட்ட முடியாததால், பின்னலாடைத் தொழிலை நம்பி வந்த மக்கள் காற்றோட்டமற்ற முடுக்குகளில் நெருங்கி வாழ்ந்தார்கள். வாரத் தொடக்கத்தில் நல்ல துணியை அடகுவைத்து வாரக் கடைசியில் மீட்கும் குடும்பங்களைக் கல்லாவின் மறுபக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த சிறுவன், பின்னாளில் சோறும் படுக்கையும் கொடுக்காமல் வெறும் பிரசங்கம் செய்வதில் பயனில்லை என்று முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. 1865இல் கிழக்கு லண்டனில் அவர் தொடங்கிய கிறிஸ்தவ ஊழியம் 1878இல் இரட்சணிய சேனை என்ற பெயரைப் பெற்றது.

கிரீன் தேற்றம் கண்டுபிடிச்ச கிரீன் மாவு மில் நடத்தினவர்னு எங்க வாத்தியார் சொன்னார். சும்மா சொன்னாரா?

உங்கள் ஆசிரியர் சொன்னது உண்மை. பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் காஸ், ஸ்டோக்ஸ் ஆகியோரோடு வரிசையாக வரும் கிரீன் தேற்றத்தின் உரிமையாளர் ஜார்ஜ் கிரீன், 1793இல் நாட்டிங்ஹாமில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே பள்ளிக்குச் சென்றார். பிறகு கடையில் வேலை. தந்தை 1807இல் ஸ்னென்டன் குன்றின் மேல் செங்கல்லால் ஐந்து மாடிக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். காற்றின் போக்குக்கேற்ப இறக்கைகளைக் கவனித்து, இரவு பகலாகக் கோதுமை அரைத்த அந்த ஆலையில்தான் கிரீன் தாமாகவே கணிதம் பயின்றார். நகரின் சந்தா நூலகத்தில் 1823இல் உறுப்பினராகச் சேர்ந்தது, அவருக்கு வெளியுலக ஆய்விதழ்களுக்கான சன்னலைத் திறந்தது.

மின்சாரத்துக்கும் காந்தவியலுக்கும் கணிதப் பகுப்பாய்வைப் பொருத்தும் கட்டுரையை 1828இல் அவர் சொந்த முயற்சியில் அச்சிட்டார். முன்பணம் கட்டியவர்கள் 51 பேர். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். வாங்கியவர்களில் பெரும்பாலோர் நூலக உறுப்பினர்களான உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரையில்தான் இன்று கிரீன் தேற்றம், கிரீன் சார்பு என்று நாம் படிப்பவற்றின் மூலக்கருத்துகள் இருக்கின்றன. சிக்கலான மூலம் ஒன்று எல்லா இடத்திலும் உண்டாக்கும் விளைவை அறிய, ஒரே ஒரு புள்ளி மூலம் உண்டாக்கும் விளைவை முதலில் கண்டுபிடித்து, பிறகு எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டிவிடலாம் என்பதே கிரீன் சார்பின் சாரம்.

முன்பணம் கட்டியவர்களில் கணிதம் அறிந்த ஒருவர் இருந்தார்: லிங்கன்ஷயரைச் சேர்ந்த சர் எட்வர்ட் பிராம்ஹெட். அவருடைய ஊக்கத்தால் கிரீன் 40 வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 1837இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். உடல்நலம் குன்றி ஊர் திரும்பி 1841இல் இறந்தபோது, நகரத்தில் யாரும் அவரைப் பெரிய அறிஞராக எண்ணவில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட இளைஞர் வில்லியம் தாம்சன் 1845இல் அக்கட்டுரையைத் தேடிப் பிடித்து, ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் மறுபதிப்புச் செய்வித்த பிறகே உலகம் விழித்தது. கிரீனின் உருவப்படம் ஒன்றுகூட இல்லை. நாட்டிங்ஹாம் தந்த அனைவரிலும் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இவரைத்தான் சொல்வேன்.

அந்த மில்லு இப்ப இருக்கா? ஐன்ஸ்டைன் வந்து பார்த்ததா சொல்றாங்களே?

ஆலை 1947இல் தீயில் சேதமடைந்து, மறுசீரமைக்கப்பட்டு 1980களில் மீண்டும் சுழலத் தொடங்கியது. இப்போது அறிவியல் மையத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அங்கே அரைத்த மாவை விலைக்கு வாங்கலாம். கிரீனின் கல்லறை அருகிலுள்ள புனித ஸ்தேவான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

ஐன்ஸ்டைன் 1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாட்டிங்ஹாமில் உரையாற்றியது உறுதியான செய்தி. அவர் எழுதிய கரும்பலகையைப் பல்கலைக்கழகம் அழிக்காமல் பாதுகாக்கிறது. கிரீன் தம் காலத்துக்கு 20 ஆண்டுகள் முந்தியவர் என்று அப்போது அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. ஆலையையே வந்து பார்த்தார் என்பதை நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

டி. ஹெச். லாரன்ஸ், பைரன் ரெண்டு பேரும் நாட்டிங்ஹாம் எழுத்தாளர்கள்னு போட்டா சரியா?

இரண்டாவது பதிலில் சொன்ன வேறுபாட்டை நினைவில் வைத்தால் விடை எளிது. லாரன்ஸ் 1885இல் ஈஸ்ட்வுட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அந்தச் சிற்றூர் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்தது. நகரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். ஆனால் உதவித்தொகை பெற்று நகரின் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்தவர். அந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவி ஃப்ரீடாவோடுதான் 1912இல் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். பைரன் லண்டனில் பிறந்தவர். 10 வயதில் பிரபுப் பட்டமும் நியூஸ்டெட் மாளிகையும் வாரிசுரிமையாக வந்ததால் இந்தப் பக்கம் வந்து, சிறிது காலம் நகரில் வசித்தார். 1824இல் கிரீஸில் இறந்த அவருடைய உடல் நகருக்கு வடக்கே ஹக்னல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கணினி வரலாற்றில் இடம்பெறும் அவருடைய மகள் ஏடா லவ்லேஸும் 1852இல் அங்கேயே, தந்தைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

நகரத்தோடு பைரனுக்கு உண்மையான பிணைப்பு வேறொன்றில் இருக்கிறது. 1811இல் நாட்டிங்ஹாம் சுற்றுவட்டாரத்தில் கூலி குறைப்பை எதிர்த்துப் பின்னல் தொழிலாளர்கள் தறிச்சட்டங்களை உடைத்தார்கள். லட்டைட் கலகம் என்று வரலாறு குறிப்பிடும் கிளர்ச்சியின் தொடக்கம் அதுதான். அவர்கள் தலைவராகக் காட்டிய 'நெட் லட்' ராபின் ஹூட்டைப் போலவே கண்டுபிடிக்க முடியாத ஆள். 'ஷெர்வுட் காட்டு அலுவலகம்' என்று முகவரியிட்டு மிரட்டல் கடிதங்கள் வந்தன. இயந்திரத்தை உடைப்பவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரியில் பிரபுக்கள் அவையில் பைரன் ஆற்றியது அவருடைய கன்னிப் பேச்சு. மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு விஷயம்.

நகரில் பிறந்து நகரையே எழுதியவர் வேண்டுமென்றால் ஆலன் சில்லிடோவைச் சொல்லுங்கள். 1928இல் பிறந்தவர், 14 வயதில் ராலி சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அத்தகைய ஆலைத் தொழிலாளியையே நாயகனாக்கி 1958இல் அவர் வெளியிட்ட முதல் நாவல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

ராலி சைக்கிள் நம்ம தாத்தா ஓட்டின அதே ராலிதானா?

அதேதான். யாழ்ப்பாணத்தில் 'றலி' என்று பெருமையோடு வைத்திருந்ததும் அதுவே. நகரின் ராலி தெருவில் இருந்த சிறு பட்டறையில் ஃபிராங்க் பௌடன் முதலீடு செய்து அதை உலக நிறுவனமாக வளர்த்தார். ஹாங்காங்கில் பொருளீட்டித் திரும்பியவர். உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர். இவரும் மூன்றாம் வகைதான். தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது.

கிரிக்கெட்ல ஹரால்ட் லார்வுட், ஸ்டூவர்ட் பிராட் ரெண்டு பேர்ல யார் உண்மையான நாட்டிங்ஹாம்?

ஏட்டுக் கணக்கில் பிராட், மண்வாசனையில் லார்வுட். 1986இல் பிராட் பிறந்தது நகரில்தான். அப்போது அவருடைய தந்தை கிறிஸ் பிராட் நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் படித்தது ரட்லண்டில், முதலில் ஆடியது லெஸ்டர்ஷயருக்கு. நாட்டிங்ஹாம்ஷயருக்கு 2008இல்தான் வந்தார். 2015இல் டிரென்ட் பிரிட்ஜில் 15 ஓட்டங்களுக்கு 8 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளை வீழ்த்திய காலைப்பொழுதுக்குப் பிறகு இந்தக் கேள்வியை அந்த ஊரில் யாரும் எழுப்புவதில்லை.

லார்வுட் நகருக்கு வடக்கே நன்கார்கேட் என்ற சுரங்கச் சிற்றூரில் 1904இல் பிறந்து, 14 வயதில் சுரங்கத்தில் குட்டைக் குதிரைகளோடு வேலை செய்தவர். ஆஸ்திரேலியாவில் நடந்த 1932-33 பாடிலைன் தொடரில் (மட்டையாளரின் உடலைக் குறிவைத்துப் பந்துவீசிய தொடர்) தலைவர் ஜார்டினின் கட்டளைப்படி பந்துவீசி 33 விக்கெட்டுகளை எடுத்தவர். மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்தார். அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. 1950இல், தாம் மிரட்டிய ஆஸ்திரேலியாவிலேயே குடியேறினார்.

டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தை 1838இல் உருவாக்கிய வில்லியம் கிளார்க் நகரில் பிறந்தவர், கொத்தனாராக இருந்தவர். அவர் மணந்த கைம்பெண்ணின் விடுதிக்குப் பின்னால் இருந்த நிலம்தான் மைதானமாயிற்று. நம் அஸ்வின் 2019இல் நாட்டிங்ஹாம்ஷயருக்காகக் கவுண்டி ஆட்டங்கள் ஆடியது அங்கேதான். மைதானம் வெஸ்ட் பிரிட்ஜ்ஃபர்டில், அதாவது நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை வினாடி வினா நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பிரையன் கிளஃப் சிலை நகர நடுவுல இருக்கே, அவர் அந்த ஊர்தானே?

இல்லை, மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். 1975 முதல் 1993 வரை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணியின் மேலாளர். இரண்டாம் பிரிவில் கிடந்த அணியை 1978இல் லீக் வெற்றியாளராக்கி, 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வெல்லவைத்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை. ஆயினும் அவருடைய வலக்கையாக விளங்கிய துணை மேலாளர் பீட்டர் டெய்லர் நகரில் பிறந்தவர் என்பதை எவரும் சொல்வதில்லை.

அதே அணியில் ஆடிய விவ் ஆண்டர்சன் நகரின் கிளிஃப்டன் பகுதிக்காரர். 1978 நவம்பரில் இங்கிலாந்தின் முழு அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். ஃபாரஸ்டின் 'சிட்டி கிரவுண்ட்' மைதானமும் பெயரில் நகரத்தை வைத்துக்கொண்டு வெஸ்ட் பிரிட்ஜ்ஃபர்டில்தான் இருக்கிறது.

டார்வில்–டீன் ஜோடி?

பனிச்சறுக்கு நடன ஜோடியான இவர்களில் ஜெய்ன் டார்வில் நகரத்தவர். கிறிஸ்டோபர் டீன் மாவட்டத்தின் கால்வெர்டன் ஊரைச் சேர்ந்தவர். டார்வில் காப்பீட்டு அலுவலக எழுத்தர், டீன் காவலர். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் பயிற்சி பெற நகர மன்றம் 42,000 பவுண்டு உதவியது. 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கில் ராவெலின் 'பொலேரோ' இசைக்கு ஆடித் தங்கம் வென்றார்கள். பனிச்சறுக்கு அரங்கத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்கு அந்த இசையின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரே வருஷத்துல ரெண்டு நோபல் பரிசுன்னு பல்கலைக்கழக ஆளுங்க சொல்றாங்களே, அவங்க யார்?

2003ஆம் ஆண்டைச் சொல்கிறார்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்கு வழிவகுத்த பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் மருத்துவ நோபலையும், காலத்தொடர் புள்ளிவிவரங்களை ஆராய்ந்த கிளைவ் கிரேஞ்சர் பொருளியல் பரிசையும் பெற்றார்கள். இருவருமே வேறொருவரோடு பகிர்ந்துகொண்டார்கள். மேன்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் சேர்ந்தவர். 1964 முதல் நாட்டிங்ஹாமில் பணியாற்றினார். மனித உடலுக்கு ஆபத்து நேரலாம் என்று எச்சரித்தவர்கள் இருந்தும், முழு உடலையும் படமெடுக்கும் தம் முதல் கருவிக்குள் தாமே நுழைந்து நின்றார். கிரேஞ்சர் வேல்ஸில் பிறந்து, வெஸ்ட் பிரிட்ஜ்ஃபர்டில் பள்ளிப்படிப்பை முடித்து, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பரிசு வந்தபோது கலிஃபோர்னியாவோடு தொடர்புடையவராக இருந்தார். ஒருவர் மூன்றாம் வகை, மற்றவர் இரண்டாம் வகை. முதல் வகை யாருமில்லை.

வெள்ளைக்காரங்க பேரா வருதே. வெளிநாட்டுலேர்ந்து வந்து அந்த ஊர்க்காரங்க ஆனவங்க இல்லையா?

ஜார்ஜ் ஆஃப்ரிக்கானஸ் என்பவரை அறிந்துகொள்ளுங்கள். சியரா லியோனில் சுமார் 1763இல் பிறந்து, குழந்தையாக வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு செல்வக் குடும்பத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். பித்தளை வார்ப்புத் தொழில் கற்று, 1780களில் நாட்டிங்ஹாமுக்கு வந்து, உள்ளூர்ப் பெண் எஸ்தர் ஷாவை மணந்தார். வீட்டு வேலையாட்களுக்கு இடம் தேடித் தரும் பதிவகத்தை மனைவியோடு நடத்திச் சொத்தும் வாக்குரிமையும் பெற்று, 1834இல் இறந்தார். அடிமை வணிகம் சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த வாழ்க்கை தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜமைக்காவிலிருந்து வந்து நகரில் குடியேறிய எரிக் அயன்ஸ் 1962இல் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பிரிட்டனின் முதல் கறுப்பின மாஜிஸ்திரேட் அவர்.

கொலைகாரன் ஷிப்மனும் நாட்டிங்ஹாம்தான். அவனையும் பட்டியல்ல சேர்ப்பீங்களா?

பிறந்த ஊர் என்ற வரிசையில் மறைக்க மாட்டேன். ஹரால்ட் ஷிப்மன் 1946இல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். ஆனால் நோயாளிகளைக் கொன்ற குற்றங்கள் பெரும்பாலும் மான்செஸ்டரை அடுத்த ஹைட் நகரில் நடந்தவை. 2000ஆம் ஆண்டில் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை 215 பேரை அடையாளம் கண்டது. 'புகழ்பெற்றவர்' என்ற தலைப்பின் கீழ் அவரை வைப்பது, கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரை அவமதிப்பதாகும். 'அறியப்பட்டவர்' என்று வேண்டுமானால் வைக்கலாம்.

பூத் பிறந்த ஸ்னென்டன் அப்போ நாட்டிங்ஹாமே இல்லையாமே? அப்புறம் எப்படி அவர் நாட்டிங்ஹாம்காரர்?

கேட்டவர் நன்றாகவே படித்திருக்கிறார். ஸ்னென்டன், லென்டன், ராட்ஃபர்ட், பாஸ்ஃபர்ட், புல்வெல் ஆகிய ஊர்கள் 1877இல்தான் பட்டண எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. 1829இல் பூத் பிறந்தபோது ஸ்னென்டன் தனி ஊர். கிரீனின் காற்றாலையும் அவர் காலத்தில் பட்டணத்துக்கு வெளியே இருந்தது. 1896இல் லென்டனில் பிறந்த ஆல்பர்ட் பாலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டார்வில், ஆண்டர்சன் ஆகியோரின் கிளிஃப்டன் 1950களின் தொடக்கத்தில் எல்லைக்குள் வந்தது. அவர்கள் பிறந்தது அதற்குப் பிறகு.

இன்றைய எல்லையையே அளவுகோலாகக் கொள்வது என் வழக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரைபடம் தேவைப்படும். அந்த அளவுகோலில் பூத் நகரத்தார்.

விக்கிப்பீடியாவுல 'பிறப்பு: நாட்டிங்ஹாம்'னு இருந்தா அப்படியே நம்பலாமா?

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். பெரிய மகப்பேற்று மருத்துவமனைகள் நகர எல்லைக்குள் இருப்பதால், சுற்றியுள்ள ஊர்களில் குடியிருந்த பெற்றோரின் பிள்ளைகளும் சான்றிதழில் நாட்டிங்ஹாமில் பிறந்தவர்களாகிவிடுகிறார்கள். பிராட் பற்றிச் சொன்னதும் இந்த வகைக்கு அருகில் வருவதே. மாறாக, ஆடை வடிவமைப்பாளர் பால் ஸ்மித் பீஸ்டனில் பிறந்தவராயினும், 1970இல் நகரின் பையர்ட் லேன் என்ற சந்தில் தம் முதல் கடையைத் திறந்தவர். ஓவியர் லாரா நைட் பக்கத்து டெர்பிஷயரின் லாங் ஈட்டனில் பிறந்து, நாட்டிங்ஹாமில் வளர்ந்து, நகரின் கலைப்பள்ளியில் பயின்று, 1936இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியானார்.

எனவே பிறந்த இடத்தோடு, பள்ளிப் பருவத்தில் எங்கே குடியிருந்தார், முதல் வேலை எங்கே என்ற இரண்டையும் பாருங்கள். மூன்றும் ஒன்றாக அமைந்தால் ஐயமில்லை. வேறுபட்டால் எது எந்த ஊர் என்று தனித்தனியாகக் குறித்துவிடுங்கள்.